பிடரி ஆணி: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் திரும்பி வந்த பேய்ப்படங்களும்

மலாயாவில் பேய்ப்படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் 1957-இல் பிறந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப்படம் வெளியானது. ஆண்டு முடிவதற்குள் ‘டெண்டாம் பொந்தியானாக்’ வந்துவிட்டது. மறு ஆண்டில் ‘சும்பா பொந்தியானாக்’. மூன்றையும் இயக்கிய பி.என். ராவ், தமிழ்ப்பட உலகிலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர். முதல் படத்திலேயே கதை முடிந்துபோன பேய் மறுபடி எப்படி வரும், வந்தாலும் முன்போல் பயமுறுத்துமா என்ற எதிர்பார்ப்பும் சந்தேகமும் அன்றே தொடங்கிவிட்டன. அறுபது ஆண்டுகள் கழித்து ‘எந்திரன்’ படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருந்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான். இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தமிழர் வாழ்ந்த மலாயா ரப்பர்த் தோட்டத்திலிருந்து பார்த்தால் பல சங்கதிகள் தெளிவாகின்றன.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில், கோல குபு பாருவைத் தாண்டி, களும்பாங்கை எட்டுமுன் வரும் சிற்றூர் கெர்லிங். உலு சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சாலையும் ரயில் பாதையும் ஊரை ஒட்டிச் செல்ல, சுற்றிலும் கித்தா (ரப்பர்) மரத் தோட்டங்கள் இருந்தன. மேற்கே போனால் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைஜல் கார்டனர், மேரி என்று வரிசையாகத் தோட்டங்கள்; அதற்கப்பால் பத்தாங் பெர்ஜுந்தை, பிறகு கோல சிலாங்கூர்க் கடலோரம். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இந்தத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்தன. பட்டணத்துக் கொட்டகைக்குப் போய்ப் படம் பார்ப்பது அபூர்வம். தோட்டத்துக்குள் வரும் படம்தான் படம்.

படம் தோட்டத்துக்கு வந்த வழிகளில் பழமையானது அரசாங்க வண்டி. 1946-இல் மலாயன் பிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, தகவல் இலாகாவின் நடமாடும் படக்காட்சி வண்டிகள் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டன. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம்தான் அவற்றின் முதல் வேலை. ஆனால் பிரசாரத்துக்கு மட்டும் கூட்டம் சேராது என்பதால் கேளிக்கைப் படமும் போட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் தோட்டத்து மனமகிழ் மன்றங்களும் கோயில் குழுக்களும் தாங்களே படச்சுருளை வாடகைக்கு எடுத்துத் திருவிழாவிலும் சம்பள வாரத்திலும் படம் காட்டின.

காட்டும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். பந்துத் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். பாயும் கோணிச்சாக்கும் விரித்து முன்னால் ஒரு கூட்டம் உட்காரும். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து வலது இடது மாறிய படத்தைப் பார்ப்பார்கள். பதினாறு மில்லிமீட்டர்ப் படச்சுருளில் 1,600 அடி கொண்ட பெரிய உருளை சுமார் 44 நிமிடம் ஓடும். ஏறக்குறைய மூன்று மணி நேரப் படத்துக்கு அப்படி நான்கு உருளை வேண்டும். இயந்திரம் ஒன்றே இருந்தால் உருளைக்கு உருளை படம் நிற்கும். பேய்ப்படத்தில் இந்த நிறுத்தம் முக்கியமானது. திரை வெறும் துணியாகிவிடும்; சுற்றிலும் இருட்டுத் தோட்டம் மீண்டும் கண்ணுக்குத் தெரியும்; அடுத்து என்ன நடக்கும் என்று பெரியவர்கள் பேசத் தொடங்குவார்கள், பிள்ளைகள் பாயின் நடுவுக்கு நகர்வார்கள். படத்தைப் பற்றிய ஊகம் இந்த இடைவெளிகளில்தான் வளர்ந்தது.

மறுநாள் காலையும் இந்த அனுபவத்தைச் சேர்ந்ததே. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் பால்வெட்டுக்கு விடியுமுன் போக வேண்டும். பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு முடிந்து, தலையில் கட்டிய விளக்கோடு தன் நிரைக்குத் தனியாகப் போகிறவர், முந்திய இரவு திரையில் கண்ட மரங்களைப் போலவே இருக்கும் மரங்களுக்கு நடுவில் குனிந்து வெட்ட வேண்டியிருந்தது. கோலாலம்பூர்க் கொட்டகையில் பார்த்துவிட்டு விளக்கு எரியும் தெரு வழியே வீடு திரும்பியவருக்கு இந்தப் பயம் வாய்க்கவில்லை.

தோட்டத் தமிழர் திரைக்கு முன் வெறுங்கையோடு உட்காரவில்லை. ஊரிலிருந்து வரும்போதே முனியாண்டியையும் மோகினியையும் கூட்டி வந்திருந்தார்கள். பிரசவத்தில் இறந்த பெண் பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் நம்பிக்கை. தமிழ்நாட்டிலும் கருவோடு இறந்த பெண்ணின் சுமை இறங்கவில்லை என்று கருதி, அவள் நினைவாகச் சாலையோரம் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். பொந்தியானாக் வரும்போது கெம்போஜா பூ மணக்கும் என்பார்கள். மோகினி வரும்போது மல்லிகை மணக்கும் என்பது தமிழர் பேச்சு. ஒற்றுமை இதோடு நிற்கவில்லை, ஆணியிலும் இருந்தது. பேயோட்டும் பூசாரி, பிடிபட்டவரின் உச்சிமயிரைப் புளியமரத்தில் வைத்து ஆணியடித்து அறுத்துவிடுவார். பேய் அந்த மரத்தோடு தங்கிவிடும். மலாய்க் கதையில் பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அழகான பெண்ணாகி, மனைவியாகவும் தாயாகவும் குடும்பம் நடத்துவாள். ஆணியை யாராவது பிடுங்கினால் மறுபடி பேயாவாள்.

இரண்டாம் பாகம் எடுக்க இதைவிட நல்ல வாசல் ஒரு கதைக்காரனுக்குக் கிடைக்காது. இங்கே பேய் சாவதில்லை, அடைத்து வைக்கப்படுகிறது, அடைப்பு பிடுங்கக்கூடியது. அது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரிந்த விதி என்பதால், பேய் திரும்பி வந்தால் யாரும் ஏமாற்று என்று சொல்ல முடியாது. தமிழ்ப்பேயும் புளியமரத்து ஆணியைப் பிடுங்கினால் வெளியே வந்துவிடும். எனவே மலாய்ப்படத்தைப் பார்க்க உட்கார்ந்த தோட்டத் தமிழருக்கு விதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

பி.என். ராவும் இந்த வகைக் கதைக்குப் புதியவரல்ல. தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941), ‘சாலிவாகனன்’ (1945) ஆகியவற்றை இயக்கியவர். சாபத்தால் சிலையாகும் ரம்பையின் கதையைப் படமாக்கியவருக்கு, ஒரு பெண் நிபந்தனையோடு உருமாறும் கதை கைவந்த சங்கதி. 1933-இல் பி.எஸ். ராஜன்ஸ் ‘லைலா மஜ்னுன்’ எடுத்த காலம் முதலே மலாய்ப்பட இயக்குநர்களில் பலர் இந்தியர்கள். சென்னையில் பிறந்து சிறு வயதில் பினாங்குக்கு வந்த எல். கிருஷ்ணன் அவர்களில் ஒருவர்.

‘பொந்தியானாக்’ படத்தை எடுத்தது, லோக் வான் தோவும் ஹோ ஆ லோக்கும் 1953-இல் அமைத்த கேத்தே-கிரிஸ் நிறுவனம். சோமெல் என்ற கூனல் விழுந்த, அழகற்ற பெண் ஒரு மருந்தால் பேரழகி ஆகிறாள். ரத்தத்தைச் சுவைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்கச் சொல்கிறான். உறிஞ்சும்போது ரத்தம் நாவில் படுகிறது. அன்போடு செய்த காரியமே அவளைப் பேயாக்கிவிடுகிறது. சோமெலாக நடித்த மரியா மெனாடோவின் பெயர் மலாயா முழுதும் பரவியது. படம் சிங்கப்பூரில் வாரக்கணக்கில் ஓடியது. மருந்து, அளவு, நிபந்தனை, மீறினால் விளைவு என்று கதை போவதைக் கவனிக்க வேண்டும். மந்திரவாதியின் குடுவையை எடுத்துவிட்டு விஞ்ஞானியின் குடுவையை வைத்தால் அறிவியல் பயப்படம் கிடைத்துவிடும். கட்டமைப்பில் மாற்ற வேண்டியது அதிகமில்லை.

இரண்டாம் பாகத்தில் சோமெல் பழி வாங்கவும், பெற்ற மகளுக்காகவும் திரும்புகிறாள். மூன்றாவதில் அவளுடைய சாபம் தொடர்கிறது. படம் ஓடிய வேகத்தைப் பார்த்த மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஷா நிறுவனம் 1958-இல் பிலிப்பைன்ஸ்காரரான ரமோன் எஸ்தெல்லாவைக் கொண்டு ‘அனாக் பொந்தியானாக்’ எடுத்தது. அதே ஆண்டில் எல். கிருஷ்ணன் உடம்பில் கரிய எண்ணெய் பூசி இரவில் வீடு புகும் ‘ஓராங் மின்யாக்’ பேயைத் திரைக்குக் கொண்டுவந்தார். பி. ராம்லியும் அவ்வாண்டே ‘சும்பா ஓராங் மின்யாக்’ எடுத்தார். ராவ் 1964-இல் ‘பொந்தியானாக் குவா மூசாங்’ படத்தோடு பொந்தியானாக்குக்குத் திரும்பினார். இத்தனை படங்கள் இத்தனை வேகத்தில் வந்ததும் பயம் தேய்ந்தது. பிடரியில் ஆணி இருக்கிறது என்று கூட்டத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், எப்போது பிடுங்குவார்கள் என்று காத்திருப்பதுதான் மிச்சம். முதல் படத்தில் சோமெல் விஷத்தை உறிஞ்சும்போது நெஞ்சு பதைத்த பதைப்பு அதில் இருக்காது.

மேல்நாட்டுப் படங்களும் இதே சிக்கலில் மாட்டின. 1931-இல் வந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் பூதம் எரியும் காற்றாலையில் சிக்கி அழிகிறது. 1935-இல் இரண்டாம் பாகம் தொடங்கும்போது, ஆலைக்கு அடியில் தண்ணீர் நிறைந்த பள்ளம் இருந்தது, பூதம் அதில் விழுந்து பிழைத்தது என்றார்கள். ‘ஏலியன்’ வரிசையில், 1992-இல் வந்த மூன்றாம் பாகத்தின் முடிவில் நாயகி ரிப்லி கொதிக்கும் உலோகத்தில் குதித்து இறக்கிறாள். 1997-இல் அவளுடைய ரத்தத் துளியிலிருந்து நகலெடுத்து 200 ஆண்டு கழித்து எழுப்பிவிட்டார்கள். தண்ணீர்ப் பள்ளத்தை ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நகலெடுத்த ரிப்லியைப் பலர் மனதார ஏற்கவில்லை. மனமறிந்து தன்னைத் தியாகம் செய்தவளைத் திரும்பக் கொண்டுவந்தால் அந்தத் தியாகமே பொய்யாகிறது என்ற அவர்களது மனக்குறை நியாயமானது.

தமிழ்ப்படத்தில் அறிவியல் கற்பனை மெதுவாகவே வந்தது. மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு சேர்ந்து 1952-இல் எடுத்த ‘காடு’ படத்தில் அழிந்துபோன ரோம யானைகள் உயிரோடு வந்தன. 1963-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து பாடகியைத் தூக்கிப் போனார்கள். இரண்டும் வியப்பூட்டின, பயமுறுத்தவில்லை. பயத்தையும் அறிவியலையும் ஒரே குடுவையில் கலக்கிய படம் வர 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் தோட்டத்தில் படம் பார்க்கும் முறையே மாறிவிட்டது. 1963 டிசம்பர் 28-இல் மலேசியத் தொலைக்காட்சி தொடங்கியது. தோட்டத்து மின்னாக்கி இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும் என்பதால் படம் முடியுமுன் வீடு இருண்டுபோவதும் உண்டு. 1980-களில் வீடியோ வந்தது. பெட்டி இருந்த வீட்டில் லயமே கூடும். மூன்று மணி நேர ஒளிநாடா ஒன்றில் ஒரு தமிழ்ப்படம் சரியாக அடங்கும். பட்டணத்துக் கடையில் கிடைத்தது பெரும்பாலும் பிரதியின் பிரதி. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் படம் மங்கும், நிறம் கசியும், இருட்டுக் காட்சி கரும்புள்ளிகளாய்க் கொதிக்கும். பகல் காட்சி தப்பித்துவிடும். பேய்ப்படத்தில் பேய் வருவதே இரவில் என்பதால், வருகிறதா இல்லையா என்றே சில இடங்களில் தெரியாது. ஆனாலும் அந்த மங்கல் பயத்தைக் கூட்டவே செய்தது.

வேலு பிரபாகரன் இயக்கிய ‘நாளைய மனிதன்’ (1989) இந்த வீடியோக் காலத்துப் படம். இறந்து குறித்த நேரத்துக்குள் கொடுத்தால் உயிரை மீட்கும் மருந்தைக் கண்டுபிடிக்கிறார் ஒரு மருத்துவர். மீண்டவனுக்கு உயிர் வருகிறது, மனிதத்தன்மை வரவில்லை. கொலை செய்யத் தொடங்குகிறான். மீண்டு வந்தவனாக அஜய் ரத்னம் நடித்தார். மறு ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்ற பெயரில் இரண்டாம் பாகம் வந்தது. தொடர்ச்சி எடுப்பது தமிழில் மிகவும் அரிதாக இருந்த நேரம் அது. வெற்றி பெற்ற படத்தின் நாயகனைத்தான் மறுபடி அழைப்பார்கள், பூதத்தை யாரும் அழைத்ததில்லை. வேலு பிரபாகரன் பூதத்தை அழைத்தார். அதற்குக் கதையிலேயே உரிமை இருந்தது. ஒரு முறை செத்துப் பிழைத்தவன் இரண்டாம் முறை பிழைக்க மாட்டான் என்று எந்த விதியும் முதல் படத்தில் சொல்லப்படவில்லை. பிடரி ஆணியின் இடத்தை மருந்து எடுத்துக்கொண்டது. இருந்தும், இறந்தவனை எழுப்பலாமா என்று முதல் படத்தில் இருந்த கேள்வி இரண்டாவதில் பின்னால் போய், துரத்தலும் கொலையுமே முன்னால் நின்றன. தமிழ் அறிவியல் பயப்படம் தனக்கென்று ஒரு வழியை அமைத்துக்கொள்ளக் கிடைத்த நல்ல தருணம் அப்படிக் கைநழுவியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு அந்த வழியில் குறிப்பிடத்தக்க முயற்சி இல்லை.

அந்த இருபது ஆண்டுகளில் தோட்டங்களே குலைந்தன. கித்தா மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். புக்கிட் பெருந்தோங் போன்ற இடங்களில் புறநகர் எழுந்தது. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டங்கள் கைமாறியதில் வேலையிழந்த குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. ஊரின் பெயரும் பெஸ்தாரி ஜெயா என்று மாறிற்று. திடலில் துணி கட்டிய காலம் முடிந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்த பிறகு தமிழ்ப்படம் வீட்டுக்கூரையில் பொருத்திய தட்டு வழியே இறங்கியது. புதுப்படத்துக்கு ராவாங் பக்கமோ கோலாலம்பூருக்கோ குடும்பத்தோடு காரில் போவது வழக்கமாயிற்று.

ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ பாடல் வெளியீட்டு விழா 2010 ஜூலை 31-இல் மலேசியாவில் நடந்தது. மலேசிய ராப் பாடகர் யோகி பி. அதில் ஒரு பாட்டுப் பாடியிருந்தார். ஒரு காலத்தில் மாதக்கணக்கில் தாமதமாகப் பழைய படச்சுருளைப் பெற்ற மக்களின் நாட்டில், படம் வருமுன்பே விழா நடந்தது என்பது சிறிய மாற்றமல்ல. சிட்டி என்ற ரோபோவுக்குள் சிவப்புச் சில்லு செருகப்பட்டதும் அது கொலைகார எந்திரமாகிறது. எடுத்ததும் பழைய சிட்டி திரும்புகிறது. ஆணியைப் பிடுங்கினால் பேய், சில்லைச் செருகினால் பேய்: செயல் தலைகீழ், விதி ஒன்று. கடைசியில் சிட்டி தன்னைத்தானே பாகம் பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. 2030-இல் அருங்காட்சியகத்தில் நிற்கும் சிட்டி, தன்னைக் கழற்றியது ஏன் என்று கேட்கும் பள்ளிச் சிறுமிக்குத் தான் சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்கிறது. தமிழ் அறிவியல் படங்களில் இதைவிட நிறைவான முடிவு இல்லை.

அதனாலேயே 2015 டிசம்பரில் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு தொடங்கியபோது மகிழ்ச்சியோடு கவலையும் எழுந்தது. இடையில் 2016-இல் மலேசியத் தோட்டத் தமிழரின் கதையைத் தொட்ட ‘கபாலி’யில் ‘எந்திரன்’ நாயகன் ரஜினிகாந்த் வந்துபோனதால் இங்கே அவர்மீதிருந்த பற்று இன்னும் இறுகியிருந்தது. ‘2.0’ என்று பெயரிட்ட அந்த இரண்டாம் பாகம் 2017 தீபாவளிக்கு என்றார்கள், பிறகு 2018 ஜனவரி என்றார்கள். வரைகலை வேலை முடியாமல் நாள் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் 2018 நவம்பர் 29-இல் வெளியானது. தன் விருப்பத்தோடு பிரிந்துபோன சிட்டியைத் திரும்பப் பூட்டலாமா என்பதே காத்திருப்பில் இருந்த பெரிய சந்தேகம். ரிப்லியை எழுப்பியபோது வந்த அதே மனக்குறை.

படம் அந்தச் சந்தேகத்துக்குப் பாதி விடைதான் தந்தது. நகரத்துக் கைப்பேசிகள் எல்லாம் கையை விட்டுப் பறந்து ஒன்றாகச் சேர்ந்து பெரும் பறவையாகின்றன. ராணுவத்தாலும் முடியாதபோது சிட்டியைத் தவிர வழியில்லை என்று, அதை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் மறுபடி பூட்டுகிறார். தேவை ஏற்பட்டது உண்மை. ஆனால் சிந்தித்ததால் கழற்றப்பட்ட எந்திரம் திரும்பி வந்ததும் அந்தச் சிந்தனைக்கு என்ன ஆயிற்று என்று படம் நின்று கேட்கவில்லை. படத்தின் உயிர் பேயிடம்தான் இருக்கிறது. கைப்பேசி அலைகளால் பறவைகள் அழிவதைத் தடுக்க முடியாமல் கோபுரத்தில் தூக்கிட்டு இறந்த பட்சிராஜன் என்ற முதியவரின் ஆவி அது. ஆவி என்றால் விஞ்ஞானப் படத்துக்கு ஒவ்வாது என்று, உடலைச் சூழ்ந்த ஆற்றல் என்று பெயரிட்டார்கள். தோட்டத்துப் பாட்டியிடம் கேட்டால், அநியாயமாய்ச் செத்தவர் அடங்காமல் அலைகிறார் என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். சுமைதாங்கிக் கல்லின் கதையும் சோமெலின் கதையும் அதுவே.

பட்சிராஜன் பாத்திரத்துக்கு இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி முன்மாதிரி என்று பேசப்பட்டது. சாலிம் அலியின் நெருங்கிய நண்பர்களில் ஒருவர், அவரோடு இந்தியக் காடுகளில் அலைந்து பறவைகளைப் படம்பிடித்த லோக் வான் தோ, பொந்தியானாக் படங்களை எடுத்த அதே கேத்தே-கிரிஸ் அதிபர். அவருடைய பறவை நூல் வெளியானதும் 1957-இல்தான். 1964 ஜூன் 20-இல் தைவானில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்தார்.

கேத்தே-கிரிஸ் நிறுவனத்தின் எஞ்சிய மலாய்ப்படங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. பி.என். ராவின் முதல் இரண்டு பொந்தியானாக் படங்களும் அவற்றில் இல்லை. அவற்றின் படச்சுருள்கள் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் வீசப்பட்டன என்பது மலாய்த் திரை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. மூன்றாம் பாகமான ‘சும்பா பொந்தியானாக்’ மட்டும் பிழைத்தது. இன்று அதைப் பார்க்க உட்காருபவர், முன்கதையைப் பழைய விளம்பரங்களிலிருந்தும் கதைச் சுருக்கங்களிலிருந்தும், அன்று பார்த்த வயதானவர்கள் யாராவது அருகில் இருந்தால் அவர்களிடமும்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.